ராவாகெடே படுகொலை

ராவாகெடே படுகொலை என்பது இந்தோனேசிய விடுதலைப் போரின்போது, 1947 டிசம்பர் 9 அன்று, மேற்கு ஜாவாவின் கராவாங் மாவட்டத்தைச் சேர்ந்த ராவாகெடே என்னும் ஊரில் டச்சுக் காலனியப் படையினர் நடத்திய படுகொலை ஆகும். ஊரில் இருந்த ஆண்களை வீடுகளிலிருந்து வெளியே இழுத்து, வரிசையாக நிற்க வைத்து, விசாரணை எதுவுமின்றிச் சுட்டுக் கொன்றனர். இறந்தவர்கள் 431 பேர் என்பது இந்தோனேசியத் தரப்பின் கணக்கு. டச்சு அரசின் கணக்கு ஏறத்தாழ 150. இந்தக் கொலைகளுக்காக எந்தப் படை வீரரும் அதிகாரியும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. ஆயினும் 64 ஆண்டுகள் கழித்து, அவ்வூரின் விதவைகள் தொடுத்த வழக்கில், நெதர்லாந்து அரசே பொறுப்பு என்று அந்நாட்டு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. காலனிய ஆட்சிக் காலத்துக் கொலைகளுக்கு ஐரோப்பிய நீதிமன்றம் ஒன்றில் நீதி கிடைத்த மிகச் சில வழக்குகளில் இதுவும் ஒன்று.

பின்னணி

பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை அமைத்துச் சோழமண்டலக் கரைத் துணிகளை வாங்கிக் கப்பலேற்றிய அதே ஒல்லாந்தர்தாம், அத்துணிகளைக் கொடுத்து இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினர். வாணிகமாகத் தொடங்கியது பின்னர் ஆட்சியாக மாறியது. தமிழ் இலக்கியம் சாவகம் என்று குறிப்பிடும் ஜாவாவும் அதைச் சூழ்ந்த தீவுகளும் 'டச்சு கிழக்கிந்தியத் தீவுகள்' என்ற பெயரில் நெதர்லாந்தின் காலனியாயின.

1942-இல் ஜப்பான் இத்தீவுகளைக் கைப்பற்றியது. 1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைந்தது. அடுத்த இரண்டாம் நாள், ஆகஸ்ட் 17 அன்று, சுகர்ணோவும் ஹத்தாவும் இந்தோனேசியாவின் விடுதலையை அறிவித்தனர். அதற்கு முந்தைய நாள், தாமதிக்காமல் அறிவிக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்காக இளைஞர்கள் இருவரையும் அழைத்துச் சென்று வைத்திருந்த இடம் ரெங்காஸ்டெங்க்லோக் என்னும் சிற்றூர். அதுவும் கராவாங் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ராவாகெடே அதற்கு அருகில் உள்ள ஊர்.

நெதர்லாந்து இந்த அறிவிப்பை ஏற்கவில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாடே 1940 முதல் 1945 மே வரை ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்து அப்போதுதான் மீண்டிருந்தது. 1944 அக்டோபரில் புட்டன் என்ற டச்சு ஊரில், எதிர்ப்புக் குழுவினரின் தாக்குதல் ஒன்றுக்குப் பழிவாங்கும் வகையில், ஜெர்மானியப் படை ஊர் ஆண்களைத் திரட்டி முகாம்களுக்கு அனுப்பியது. அவர்களில் 500-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அந்த வடு ஆறும் முன்பே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டச்சு இளைஞர்கள் கப்பலேறி இந்தோனேசியாவுக்கு வந்தனர். 'ஒழுங்கையும் அமைதியையும் நிலைநாட்டப் போகிறோம்' என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

1947 மார்ச் 25 அன்று லிங்கஜாத்தி உடன்படிக்கை கையெழுத்தானது. ஜாவா, மதுரா, சுமாத்திரா ஆகியவற்றில் குடியரசின் நடைமுறை அதிகாரத்தை அது ஒப்புக்கொண்டது. நான்கு மாதங்கூட நிலைக்கவில்லை. ஜூலை 21 அன்று டச்சுப் படைகள் ஜாவாவிலும் சுமாத்திராவிலும் பெருந்தாக்குதலைத் தொடங்கின. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'காவல்துறை நடவடிக்கை'. போர் என்று சொன்னால் எதிரில் ஒரு நாடு இருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். காவல்துறை நடவடிக்கை என்றால் அது உள்நாட்டு விவகாரம். பிற்காலத்தில் நீதிமன்றம் வரை நீண்ட சிக்கல்கள் பலவற்றின் வேர் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இந்தத் தாக்குதலை ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவைக்குக் கொண்டு சென்றன. அது 1947 ஜூலை 30. இந்தியா முறைப்படி விடுதலை பெற இன்னும் இரண்டு வாரங்கள் இருந்தன. அதே மாதத்தில்தான் ஒடிசாவின் பிஜு பட்நாயக், டச்சு முற்றுகையைத் தாண்டி விமானம் ஓட்டிச் சென்று இந்தோனேசியத் தலைவர் ஷாரீரை டெல்லிக்கு அழைத்து வந்தார். ஆகஸ்ட் 1 அன்று பாதுகாப்பு அவை போர்நிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. ஆஸ்திரேலியா, பெல்ஜியம், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளைக் கொண்ட நல்லெண்ணக் குழு ஒன்றும் பின்னர் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 8 அன்று, ஜகார்த்தா துறைமுகத்தில் நின்ற 'ரென்வில்' என்னும் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில், அக்குழுவின் முன்னிலையில் இரு தரப்பும் பேச்சு நடத்த அமர்ந்தன.

மறுநாள் விடியும் முன் ராவாகெடே சுற்றி வளைக்கப்பட்டது.

ராவாகெடே ஊர்

'ராவா' என்றால் சதுப்பு நிலம்; 'கெடே' என்றால் பெரியது. பெயருக்கேற்ப நீரும் நெல்வயலும் சூழ்ந்த தாழ்நிலத்து ஊர். கராவாங்கிலிருந்து ரெங்காஸ்டெங்க்லோக் செல்லும் இருப்புப்பாதை இதன் வழியே சென்றது. ஜூலைத் தாக்குதலுக்குப் பின் இப்பகுதி டச்சுக் கட்டுப்பாட்டில் இருந்ததாகச் சொல்லப்பட்டாலும், சாலைகளும் நகரங்களும் மட்டுமே அவர்கள் கையில் இருந்தன. ஊர்ப்புறங்களில் குடியரசுப் படையினரும் பல்வேறு தன்னார்வப் படைக் குழுவினரும் நடமாடினர். ராவாகெடேயிலும் அவர்கள் வந்து தங்கியதுண்டு. ஊரார் சோறு போட்டதும் உண்டு. இதை மறைக்க வேண்டிய தேவை இல்லை. போராளிகள் தங்கிச் சென்ற ஊர் என்பதும், ஊர் ஆண்களை நிற்க வைத்துச் சுட்டார்கள் என்பதும் இரண்டு வெவ்வேறு செய்திகள். முதலாவது இரண்டாவதற்கு நியாயம் ஆகாது.

டச்சுப் படையினர் தேடிய முக்கியமான மனிதர் லூகாஸ் குஸ்தாரியோ. இந்தோனேசியப் படையின் கேப்டனாக இருந்தவர். டச்சுக் காவல் நிலைகளையும் தொடர்வண்டிகளையும் தாக்கிவிட்டு அகப்படாமல் தப்பிவிடுவார். அவர் ராவாகெடேயில் இருப்பதாகப் படையினருக்குத் தகவல் கிடைத்தது. ஆனால் அவர் முந்தைய நாளே ஊரை விட்டுச் சென்றுவிட்டார்.

1947 டிசம்பர் 9

அன்று செவ்வாய்க்கிழமை. இரவெல்லாம் கனமழை பெய்திருந்தது. மேஜர் அல்போன்ஸ் வைனன் தலைமையில் ஏறத்தாழ 100 டச்சு வீரர்கள் இருட்டோடு இருட்டாக ஊரைச் சுற்றி நின்றனர். விடியற்காலையில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. ஆயுதங்கள் எதுவும் கிடைக்கவில்லை. ஆண்கள் வெளியே இழுத்து வரப்பட்டுத் திறந்தவெளியில் கூட்டப்பட்டனர். லூகாஸ் குஸ்தாரியோ எங்கே என்ற கேள்வி மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டது. ஊரார் பதில் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாதவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

பின்பு அவர்களைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்து வரிசையில் நிற்க வைத்துச் சுட்டனர். ஓட முயன்றவர்களும் ஒளிந்திருந்தவர்களும்கூடத் தப்பவில்லை. கொல்லப்பட்டவர்களுள் பதின்ம வயதைத் தொடாத சிறுவர்களும் இருந்ததாக ஊரார் சாட்சியம் கூறியுள்ளனர். டச்சுத் தரப்பில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. அன்று நடந்தது சண்டை அல்ல என்பதற்கு இந்த ஒரு செய்தியே போதுமான சான்று.

வரிசையில் நின்று உயிர் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர், அருகில் நின்ற தன் தந்தை சுடப்பட்டுத் தன்மீது விழுந்ததால் தப்பினார். தனக்கும் குண்டுக் காயம் பட்டிருந்த நிலையில், இறந்தவர் போலவே அசையாமல் கிடந்தார். படையினர் சென்ற பிறகே எழுந்தார். அப்போது இளைஞராக இருந்த அவர், எண்பது வயதைக் கடந்த பின் நெதர்லாந்து அரசின் மீது வழக்குத் தொடுத்தவர்களுள் ஒருவரானார்.

அடக்கம் செய்தது பெண்கள்தாம். ஊரில் வேறு ஆண்கள் இல்லை. மழை நீரில் ஊர் மிதந்தது. ஆறு செந்நிறமாக ஓடியது என்று முதிய பெண்கள் கடைசி வரை சொல்லிவந்தனர். கையில் கிடைத்த மரத்துண்டுகளாலும் கருவிகளாலும் சேற்று மண்ணைத் தோண்டினர். ஆழமாகத் தோண்டும் வலு அவர்களுக்கு இல்லை. கணவனையும் மகனையும் ஒரே நாளில் புதைத்தவர்கள் இருந்தனர். சமய முறைப்படி உடலைக் குளிப்பாட்டிக் கோடித் துணி சுற்றுவதற்கு அன்று வழியில்லை. வீட்டில் இருந்த துணியைக் கிழித்துச் சுற்றினர், அல்லது கதவுப் பலகையில் வைத்து இழுத்துச் சென்றனர்.

431 என்ற எண்ணுக்கும் 150 என்ற எண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடு இன்றும் தீர்ந்தபாடில்லை. அடித்துச் செல்லப்பட்ட உடல்களும், அன்றைய நிலையில் எழுதி வைக்கப்படாத பெயர்களும் இதற்குக் காரணங்களாகும். ஆனால் டச்சு அரசு தன் கணக்கை எடுத்துக்கொண்டது தாக்குதல் நடத்திய படையின் அறிக்கைகளிலிருந்து என்பதையும் படிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

உடனடி விசாரணையும் மூடி மறைத்தலும்

இது வெளியே தெரியாமல் போன நிகழ்வு அன்று. குடியரசுத் தரப்பு உடனே நல்லெண்ணக் குழுவிடம் முறையிட்டது. 1948 ஜனவரியில் அக்குழுவின் பார்வையாளர்கள் ராவாகெடேக்கு நேரில் சென்று விசாரித்தனர். டச்சுப் படையின் நடவடிக்கை திட்டமிட்டதும் இரக்கமற்றதும் ஆகும் என்று அறிக்கை அளித்தனர். அதே ஜனவரியின் 17-ஆம் நாள் ரென்வில் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி குடியரசுப் படையினர் மேற்கு ஜாவாவை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. ராவாகெடே மக்களைக் கொன்றவர்கள் அங்கேயே இருந்தனர். அவர்களைப் பாதுகாக்க வேண்டியவர்கள் கிளம்பிச் சென்றனர்.

டச்சு உயர் அதிகாரிகளுக்கு நடந்தது நன்றாகவே தெரிந்திருந்தது. படைத் தலைமைத் தளபதி சைமன் ஸ்போர், மேஜர் வைனனை என்ன செய்வது என்பது குறித்து 1948-இல் தலைமை அரசு வழக்குரைஞர் ஃபெல்டர்ஹாஃபுடன் கடிதம் வழி கலந்து பேசினார். வழக்குத் தொடுத்தால் தண்டனை உறுதி என்பதை இருவரும் அறிந்திருந்தனர். ஆனால் வெளிநாடுகளின் கவனம் அதற்குள் தணிந்திருந்தது. எனவே வழக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று. ஒரு குற்றத்தை விசாரிப்பதா வேண்டாமா என்பதை, யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்பதை வைத்து முடிவு செய்தார்கள். இந்தக் கடிதங்கள் அழிக்கப்படாமல் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. பின்னாளில் அவையே நெதர்லாந்து அரசுக்கு எதிரான சான்றாயின.

1948 டிசம்பர் 19 அன்று இரண்டாவது 'காவல்துறை நடவடிக்கை' தொடங்கியது. அடுத்த மாதம் நேரு டெல்லியில் ஆசிய நாடுகளின் மாநாட்டைக் கூட்டிக் கண்டனம் தெரிவித்தார். அமெரிக்காவும் மார்ஷல் திட்ட உதவியைச் சுட்டிக்காட்டி நெதர்லாந்தை நெருக்கியது. 1949 டிசம்பர் 27 அன்று இறையாண்மை ஒப்படைக்கப்பட்டது. அதற்கான உடன்படிக்கையில் புதிய நாட்டின் தலையில் 400 கோடி கில்டருக்கும் மேற்பட்ட கடன் சுமத்தப்பட்டது. அடிமைப்பட்டிருந்த நாடு விடுதலைக்காக ஆண்டவனுக்குப் பணம் கட்டும் இந்த விந்தையை மாணவர்கள் தனியே படித்தறிய வேண்டும்.

இருபது ஆண்டு மௌனம்

நெதர்லாந்தில் இந்தப் போரைப் பற்றி யாரும் பேசவில்லை. 1969 ஜனவரியில் யோப் ஹூட்டிங் என்ற முன்னாள் படைவீரர் தொலைக்காட்சியில் தோன்றி, இந்தோனேசியாவில் டச்சுப் படையினர் போர்க்குற்றங்கள் செய்தனர், தானும் அதில் பங்கு பெற்றவன் என்று வெளிப்படையாகச் சொன்னார். நாடு கொந்தளித்தது. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அரசு அவசர அவசரமாக ஆவணங்களைத் தேடி அதே ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ராவாகெடேயும் அதில் இடம்பெற்றது. 150 என்ற கணக்கு அங்கிருந்து வருவதே. ஆனால் அறிக்கையின் பெயரைப் பாருங்கள்: 'மிகைச்செயல்கள் குறித்த குறிப்பு'. போர்க்குற்றம் என்ற சொல் கவனமாகத் தவிர்க்கப்பட்டது. மொத்தத்தில் படை முறையாகவே நடந்துகொண்டது, சிற்சில இடங்களில் மட்டும் எல்லை மீறல்கள் நிகழ்ந்தன என்பதே அரசின் நிலைப்பாடு. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இது மாறவில்லை. 1990-களில் ராவாகெடே பற்றித் தொலைக்காட்சி ஆவணப்படம் வந்தபோதும், வழக்குத் தொடரும் காலம் கடந்துவிட்டது என்ற பதிலே கிடைத்தது.

விதவைகளின் வழக்கு

நெதர்லாந்தில் வாழ்ந்த இந்தோனேசியரான ஜெஃப்ரி பொண்டாக் என்பவர் 'டச்சு மானக்கடன் குழு' என்ற அமைப்பை நிறுவினார். ராவாகெடே விதவைகளைத் தேடிச் சென்று, வழக்குத் தொடுக்க அவர்களது ஒப்புதலைப் பெற்றவர் அவரே. மனித உரிமை வழக்கறிஞர் லீஸ்பெத் செக்வெல்ட் அவர்களுக்காக வாதாடினார். 2008-இல் அரசிடம் முதலில் கடிதம் வழி கோரிக்கை வைக்கப்பட்டது. நிகழ்வுக்கு வருந்துகிறோம், ஆனால் சட்டப்படி காலாவதியாகிவிட்டது என்று அரசு மறுத்தது. 2009-இல் வழக்கு ஹேக் மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்றது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே முதுமையால் சிலர் இறந்தனர். வரிசையில் நின்று உயிர் தப்பிய அந்த மனிதரும் தீர்ப்புக்குச் சில மாதங்களுக்கு முன், 2011 மே மாதத்தில், காலமானார்.

2011 செப்டம்பர் 14 அன்று தீர்ப்பு வந்தது. ஆட்களைச் சுட்டுக் கொன்றது சட்டத்துக்குப் புறம்பானது என்பதை அரசே மறுக்கவில்லை. எஞ்சியிருந்தது காலாவதி என்ற ஒரே வாதம். நீதிமன்றம் அதைத்தான் தகர்த்தது. குற்றத்தின் கொடுமை மிகப் பெரியது. நடந்தவை தவறு என்பது அரசுக்குத் தொடக்கத்திலேயே தெரியும். தெரிந்தும் யாரையும் தண்டிக்கவில்லை. பாதிக்கப்பட்ட மனைவியர் இன்னும் உயிரோடு இருக்கின்றனர். ஜாவாவின் ஒரு சிற்றூர்ப் பெண்கள் ஹேக் நகருக்கு வந்து முன்னரே வழக்காடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இந்நிலையில் காலம் கடந்துவிட்டது என்று அரசு சொல்வது நியாயத்துக்கும் நேர்மைக்கும் ஏற்புடையதன்று என்றது தீர்ப்பு. வைனனைத் தண்டிக்காமல் விட்ட 1948-ஆம் ஆண்டு முடிவு அப்போது வசதியாக இருந்தது; 2011-இல் அதுவே அரசின் வாதத்தை வலுவிழக்கச் செய்தது.

தீர்ப்பில் ஒரு குறையும் உண்டு. வழக்குத் தொடுத்தவர்களில் கொல்லப்பட்ட ஒருவரின் மகளும் இருந்தார். அடுத்த தலைமுறை அதே அளவு நேரடியாகப் பாதிக்கப்படவில்லை என்று கூறி அவரது கோரிக்கை தள்ளுபடி செய்யப்பட்டது. தந்தையின்றி வளர்ந்த பிள்ளைகள் எப்படி 'நேரடியாகப் பாதிக்கப்படாதவர்' ஆவர் என்பது அப்போதே எழுந்த கேள்வி. 2020-இல்தான், தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு 5,000 யூரோ வழங்கும் ஏற்பாட்டை நெதர்லாந்து அறிவித்தது.

அரசு மேல்முறையீடு செய்யாமல் உடன்பாட்டுக்கு வந்தது. வழக்குத் தொடுத்தோருக்குத் தலா 20,000 யூரோ என்று முடிவாயிற்று. 2011 டிசம்பர் 9 அன்று, படுகொலை நடந்து சரியாக 64 ஆண்டுகள் நிறைவுற்ற நாளில், நெதர்லாந்துத் தூதர் ட்ஜேர்ட் டி ஸ்வான் அவ்வூர் நினைவிடத்துக்கு வந்து தம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். முன்வரிசையில் நாற்காலிகளில் அமர்ந்திருந்த முதிய பெண்கள் அழுதனர்.

பணம் வந்த பிறகு ஊரில் அமைதி குலைந்தது. கணவரை இழந்தது வழக்குத் தொடுத்த சிலர் மட்டும் அல்லர்; ஊரில் பாதிக்கப்படாத குடும்பமே இல்லை. விதவைகள் பலர் அதற்குள் இறந்துபோயிருந்ததால் அவர்களது குடும்பங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். இழப்பீடு பெற்ற மூதாட்டிகள் நெருக்குதலுக்கு ஆளாகி, வந்த தொகையில் பெரும் பகுதியைப் பகிர்ந்தளிக்க நேர்ந்தது. வெற்றிக் கதையாக இவ்வழக்கை எழுதுவோர் இதைக் குறிப்பிடுவதில்லை.

தீர்ப்புக்குப் பின்

ராவாகெடே திறந்த கதவு வழியே மற்றவர்களும் வந்தனர். 1946 டிசம்பர் முதல் தெற்கு சுலாவெசியில் கேப்டன் வெஸ்டர்லிங்கின் படையினர் ஊர் ஊராகச் சென்று நடத்திய கொலைகளுக்காகவும் வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2013 செப்டம்பரில் நெதர்லாந்து அக்கொலைகளுக்கும் மன்னிப்புக் கேட்டு, விதவைகளுக்கு அதே தொகையை வழங்க முன்வந்தது. 2020 மார்ச்சில் மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் இந்தோனேசியாவில் வைத்து, டச்சுத் தரப்பின் அளவுமீறிய வன்முறைக்காக மன்னிப்புக் கோரினார். 2022 பிப்ரவரியில் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் வெளியாயின. டச்சுப் படையினரின் வன்முறை சிற்சில மிகைச்செயல்கள் அல்ல, பரவலாகவும் தொடர்ச்சியாகவும் நடந்தது, அரசியல் தலைமையும் நீதித்துறையும் அதைக் கண்டும் காணாமல் இருந்தன என்று அது கூறியது. அன்றே பிரதமர் மார்க் ரூட்டே மன்னிப்புக் கேட்டார். 1969 அறிக்கையின் நிலைப்பாடு இவ்வாறு 53 ஆண்டுகளுக்குப் பின் கைவிடப்பட்டது. 1945 ஆகஸ்ட் 17-ஐ இந்தோனேசியாவின் விடுதலை நாளாக முழுமையாக ஏற்கிறோம் என்று ரூட்டே நாடாளுமன்றத்தில் அறிவிக்க மேலும் ஓராண்டு, 2023 ஜூன் வரை, ஆனது.

நினைவிடம்

ராவாகெடே இன்று பாலோங்சாரி என்ற பெயரால் அழைக்கப்படுகிறது. 1990-களில் அங்கு நினைவுச் சின்னம் ஒன்று கட்டப்பட்டது. அதன் பின்புறம் 'சம்பூர்ண ராகா' என்னும் வீரர் கல்லறைத் தோட்டம் உள்ளது. 181 கல்லறைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. எஞ்சியவர்கள் ஊரின் பிற இடங்களிலும் வயல்களிலும் கிடக்கின்றனர்.

இந்தோனேசியக் கவிஞர் சைரில் அன்வர் 1948-இல் எழுதிய 'கராவாங்-பெக்காசி' என்னும் கவிதை அந்நாட்டுப் பள்ளி மாணவர்கள் அனைவரும் அறிந்தது. இந்த வட்டாரத்தில் இறந்தவர்கள் பேசுவதாக அமைந்தது. அமெரிக்கக் கவிஞர் மெக்லீஷின் கவிதை ஒன்றைத் தழுவியது என்ற குறை அதன்மீது உண்டு. ஆயினும் ராவாகெடே மக்கள் அதைத் தங்கள் ஊரின் கவிதையாகவே கருதுகின்றனர். ஆண்டுதோறும் டிசம்பர் 9 அன்று நினைவிடத்தில் ஊரார் கூடுகின்றனர். கல்லறைகள்மீது பூக்கள் தூவப்படுகின்றன.